நாய், குதிரை துணையுடன் குழந்தைகளுக்கான விளையாட்டுச் சிகிச்சை

விளையாட்டுச் சிகிச்சை என்பது அச்சம், மனக்காயம், அடங்காத கோபம், யாரோடும் ஒட்டாமை போன்ற சிக்கல்கள் உள்ள குழந்தைகளுக்கு, பேச்சுக்குப் பதிலாக விளையாட்டை முதன்மை வழியாகக் கொண்டு அளிக்கப்படும் உளவியல் சிகிச்சை ஆகும். பெரும்பாலும் 3 முதல் 12 வயது வரையுள்ள குழந்தைகளுக்கு இது பயன்படுகிறது. தகுந்த பயிற்சி பெற்ற நாயையோ குதிரையையோ சேர்த்துக்கொண்டு இதை நடத்தும்போது விலங்குத் துணை விளையாட்டுச் சிகிச்சை எனப்படுகிறது.

‘என்ன நடந்தது, சொல்’ என்று கேட்டால் ஐந்து வயதுக் குழந்தையால் பெரும்பாலும் சொல்ல முடியாது. சொல்லத் தெரியாதது ஒரு காரணம். சொன்னால் என்ன ஆகுமோ என்ற பயம் இன்னொரு காரணம். அதே குழந்தை பொம்மை வீட்டில் அப்பா பொம்மையை வெளியே நிறுத்திவிட்டுக் கதவைச் சாத்தும். மணலில் ஒரு பொம்மையைப் புதைத்து, தோண்டி எடுத்து, மறுபடி புதைக்கும். அந்த விளையாட்டை அவசரப்படாமல் கவனிக்கப் பயின்றவரே விளையாட்டுச் சிகிச்சையாளர். மெலனி கிளைன், அன்னா பிராய்டு ஆகியோர் 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே குழந்தைகளின் உளப்பகுப்பாய்வில் விளையாட்டைப் பயன்படுத்தினர். அமெரிக்க உளவியலாளர் வர்ஜீனியா ஆக்ஸ்லைன் 1947இல் வெளியிட்ட நூல், குழந்தை முன்னே போக வேண்டும், சிகிச்சையாளர் பின்னே போக வேண்டும் என்ற கொள்கையை நிலைநிறுத்தியது.

இந்த அறைக்குள் விலங்கு ஏன் வர வேண்டும்? நாயைக் கொஞ்சினால் குழந்தையின் மனம் இளகும் என்பதே பலரும் சொல்லும் பதில். அது பாதி உண்மைதான். பொம்மைக் கரடியின் காதை எவ்வளவு திருகினாலும் அது அப்படியே இருக்கும். நாய் எழுந்து போய்விடும். குதிரை நான்கு அடி தள்ளி நின்றுகொள்ளும். விலங்குக்கு விருப்பமும் உண்டு, விருப்பமின்மையும் உண்டு. விலங்கு ‘வேண்டாம்’ என்று காட்டுவதைக் குழந்தை கண்டுகொள்வதும், அதற்கு மதிப்புக் கொடுக்கப் பழகுவதும்தான் இந்த முறையின் உயிர்நாடி.

இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாதவை

விலங்குகளோடு நடக்கும் எல்லாமே சிகிச்சை அல்ல. தன்னார்வலர் ஒருவர் தன் நாயை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று நோயாளிகளை மகிழ்விப்பது விலங்குத் துணைச் செயல்பாடு மட்டுமே. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் 1999இல் தொடங்கி உலகெங்கும் பரவிய, குழந்தைகள் நாய்க்குக் கதை வாசித்துக் காட்டும் திட்டம் கல்வி சார்ந்தது. பார்வையற்றவரை வழிநடத்தும் நாய், ஒரே ஒருவருக்காகப் பழக்கப்பட்ட உதவி நாய். குதிரையின் நடை அசைவைக் கொண்டு இயன்முறை மருத்துவர்கள் உடல் சமநிலையையும் தசை இயக்கத்தையும் சீராக்கும் முறை வேறு. மாற்றுத்திறனாளிகளுக்குக் குதிரையேற்றம் கற்பிப்பது வேறு.

விளையாட்டுச் சிகிச்சையில் மூன்று அடையாளங்கள் இருக்கும். நடத்துபவர் உளநலத் துறையில் தகுதி பெற்றவராக இருப்பார். ஒவ்வொரு குழந்தைக்கும் தனி இலக்கு இருக்கும். என்ன மாறியது என்பது பதிவு செய்யப்படும். இவை இல்லாத இடத்தில் நடப்பது நல்ல பொழுதுபோக்காக இருக்கலாம். அதைச் சிகிச்சை என்று சொல்லிக் கட்டணம் வாங்குவது தவறு.

தோன்றிய கதை

விலங்குகளை மனநலத்துக்கு அருகில் வைப்பது பழைய வழக்கம். இங்கிலாந்தின் யார்க் நகரில் 1796இல் குவேக்கர் சமயப் பிரிவினர் தொடங்கிய மனநலக் காப்பகத்தின் முற்றங்களில் முயல்களும் கோழிகளும் வளர்க்கப்பட்டன. மனநோயாளிகளைச் சங்கிலியில் கட்டிவைத்த காலத்தில் இது பெரிய மாற்றம். சிக்மண்ட் பிராய்டின் சௌ சௌ இன நாய் ஜோஃபி, 1930களில் வியன்னாவில் அவர் நோயாளிகளோடு பேசும் அறையிலேயே படுத்திருக்கும்.

ஆயினும் குழந்தைச் சிகிச்சையில் நாயை முறையாக எழுத்தில் கொண்டுவந்தவர் நியூயார்க்கைச் சேர்ந்த குழந்தை உளவியலாளர் போரிஸ் லெவின்சன். யாரோடும் ஒட்டாமல் ஒடுங்கிப்போன ஒரு சிறுவனை, வேறு இடங்களில் பார்த்தும் பலன் கிடைக்காத நிலையில், பெற்றோர் அவரிடம் அழைத்து வந்தனர். குறித்த நேரத்துக்கு வெகு முன்பே வந்துவிட்டனர். அதனால் வழக்கமாக வேறு அறையில் இருக்கும் லெவின்சனின் நாய் ஜிங்கிள்ஸ் அப்போது அவர் அருகிலேயே இருந்தது. அது ஓடிப்போய்ச் சிறுவனை நக்கியது. அவன் பயப்படவில்லை, நாயை அணைத்துக்கொண்டான். பெற்றோர் விலக்க முயன்றபோது லெவின்சன் தடுத்தார். மறுபடியும் வந்து நாயோடு விளையாடலாமா என்று கேட்டுவிட்டுத்தான் அவன் போனான். அடுத்த சில அமர்வுகளில் அவன் நாயோடு மட்டும் விளையாடினான். சிகிச்சையாளர் அறையில் இருந்தும் இல்லாதவர்தான். பிறகு மெல்ல மெல்ல அந்த விளையாட்டில் அவருக்கும் இடம் கிடைத்தது.

லெவின்சன் இதை 1961இல் அமெரிக்க உளவியலாளர் மாநாட்டில் எடுத்துரைத்தபோது சிலர் கேலி செய்தனர். 1962இல் நாயைத் துணைச் சிகிச்சையாளர் என்று குறிப்பிட்டு அவர் எழுதிய கட்டுரையும், 1969இல் வந்த அவரது நூலும் பின்னாளில் இத்துறையின் தொடக்கமாக ஏற்கப்பட்டன.

குதிரையின் கதை வேறு திசையிலிருந்து வருகிறது. டென்மார்க்கைச் சேர்ந்த லிஸ் ஹார்ட்டல் 1944இல் இளம்பிள்ளை வாதத்தால் தாக்கப்பட்டு, முழங்காலுக்குக் கீழ் அசைவை இழந்தார். குதிரையில் ஏறவும் இறங்கவும் பிறர் உதவி தேவைப்பட்ட அவர், 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் குதிரையேற்றத்தின் டிரெசாஜ் பிரிவில் வெள்ளிப் பதக்கம் வென்றார். 1956இலும் அதே பதக்கத்தைப் பெற்றார். அவரது வெற்றி ஐரோப்பாவில் மாற்றுத்திறனாளிகளுக்கான குதிரையேற்றத்துக்குப் பெரும் உந்துதல் ஆனது. பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் இதற்கான தேசிய அமைப்புகள் 1969இல் உருவாயின. உடலுக்காகத் தொடங்கிய இந்த வழி பிறகு மனத்துக்கும் விரிந்தது.

விளையாட்டுச் சிகிச்சையையும் விலங்குத் துணையையும் ஒரே முறையாகப் பின்னியவர்களில் முக்கியமானவர்கள் அமெரிக்காவின் ரிசே வான்பிளீட்டும் பிரிட்டனின் டிரேசி ஃபா-தாம்சனும். 2017இல் வெளிவந்த அவர்களது நூல், விலங்கைக் கருவியாகப் பயன்படுத்தக் கூடாது, அதன் விருப்பத்துக்கு இடம் தர வேண்டும் என்பதை முறையின் அடித்தளமாகவே வைக்கிறது.

நாயோடு

விளையாட்டு அறையில் வழக்கமான பொருள்கள் இருக்கும்: மணல் தட்டு, பொம்மை வீடு, கைப்பொம்மைகள், மருத்துவர் விளையாட்டுப் பெட்டி. கூடவே நாய்க்கு ஒரு பாய் அல்லது கூண்டு இருக்கும். முதல் விதி அந்தப் பாயைப் பற்றியதுதான். நாய் அங்கே போய்ப் படுத்துவிட்டால் யாரும் பின்தொடரக் கூடாது.

ஒரு சிறுவனைக் கற்பனை செய்துகொள்வோம். எட்டு வயது. வீட்டில் அடிபட்டு வளர்ந்தவன். பள்ளியில் மற்றப் பிள்ளைகளை அடிக்கிறான். அறைக்கு வந்ததும் நாயிடம் ‘உட்கார்’ என்று உரக்கக் கத்துகிறான். நாய் உட்காரவில்லை, முகத்தைத் திருப்பி உதட்டை நக்குகிறது. ‘சொன்ன பேச்சைக் கேட்காத நாய்’ என்கிறான். சிகிச்சையாளர் அவனைத் திருத்துவதில்லை. ‘நீ சொல்வதை அது கேட்க வேண்டும் என்று நினைக்கிறாய். அது முகத்தைத் திருப்பிக்கொண்டது. அதற்கு என்ன தோன்றியிருக்கும்?’ என்று கேட்கிறார். சற்று நேரம் கழித்து அவன் சொல்கிறான்: ‘பயமா இருக்கும்.’

அவன் யாருடைய பயத்தைச் சொன்னான் என்பது சிகிச்சையாளருக்குத் தெரியும். ஆனால் அதை அவர் உடனே சுட்டிக்காட்டமாட்டார். இப்போதைக்கு அது நாயின் பயமாகவே இருக்கட்டும்.

அதன்பின் அவன் மெல்லிய குரலில் கூப்பிட்டுப் பார்க்கிறான். தின்பண்டம் கொடுத்து, வளையத்துக்குள் நாயை நுழையப் பழக்குகிறான். நாய் செய்வதும் செய்யாததும் அவன் எப்படி நடந்துகொள்கிறான் என்பதைப் பொறுத்தது என்பது அவனுக்கே தெரியவருகிறது. அடிக்காமல் ஒருவரைத் தன் பேச்சுக்கு வரவைக்க முடியும் என்பது அவன் வாழ்க்கையில் புதிய செய்தி. தண்டித்துப் பழக்கும் முறைகளுக்கு இந்தச் சிகிச்சையில் இடமே இல்லாததற்குக் காரணம் நாயின் மீதுள்ள இரக்கம் மட்டுமன்று. அடிபட்ட குழந்தையின் முன்னால் நாயின் கழுத்துப் பட்டையைச் சுண்டி இழுத்தால், அந்தக் குழந்தைக்குத் தெரிந்த பழைய பாடத்தையே மறுபடி நடத்துவதாகிவிடும்.

இதற்கெல்லாம் நாயின் உடல்மொழி தெரிந்திருக்க வேண்டும். வாலாட்டும் நாயெல்லாம் மகிழ்ச்சியான நாய் அல்ல. விறைப்பாக உயர்ந்து வேகமாக ஆடும் வால் பதற்றத்தைக் காட்டலாம். தூக்கமில்லாதபோது கொட்டாவி விடுவது, உணவில்லாதபோது உதட்டை நக்குவது, தலையைத் திருப்புவது, கண்ணின் வெள்ளை தெரியப் பார்ப்பது, அசையாமல் உறைந்து நிற்பது ஆகியவை சங்கடத்தின் குறிகள். இணையத்தில் ‘எவ்வளவு பொறுமையான நாய்’ என்ற தலைப்போடு, குழந்தை நாயின் முதுகில் ஏறி அமர்ந்திருக்கும் படங்கள் வலம் வருகின்றன. கவனித்தால், அவற்றில் பல நாய்கள் பொறுத்துக்கொள்கின்றனவே தவிர மகிழவில்லை. கட்டியணைப்பது நமக்கு அன்பு. பல நாய்களுக்கு அது சிறைப்பிடிப்பு. எதையும் தாங்கும் நாய்தான் சிகிச்சைக்கு ஏற்றது என்ற எண்ணம் இந்தத் துறையிலேயே நெடுங்காலம் இருந்தது. அத்தகைய நாயிடம் குழந்தை கற்பது, எதிரில் இருப்பவர் எதிர்க்காவிட்டால் என்னவும் செய்யலாம் என்பதைத்தான். தன் உடலின் மீது தனக்கே உரிமை இல்லாமல் போன ஒரு குழந்தைக்கு இதைவிட மோசமான பாடம் இருக்க முடியாது.

மறுபுறம், தொட வந்தபோது நாய் விலகினால், ‘அதற்கு இப்போது விருப்பமில்லை, அப்படிச் சொல்ல அதற்கு உரிமை இருக்கிறது’ என்று சிகிச்சையாளர் சொல்வதை அந்தக் குழந்தை கேட்கிறது. சில வாரங்களில் ‘எனக்கும் அப்படிச் சொல்லலாமா?’ என்ற கேள்வி வரக்கூடும். அது வரும்வரை காத்திருப்பதுதான் வேலை.

குதிரையோடு

குதிரை வேறு வகை உயிர். நாய் வேட்டையாடி வாழ்ந்த வழியில் வந்தது. குதிரை வேட்டையாடப்பட்டு வாழ்ந்தது. ஆபத்தை முன்கூட்டியே உணர்ந்து ஓடுவதே அதன் பாதுகாப்பு. தலையின் இருபுறமும் அமைந்த கண்களால் ஏறத்தாழ 350 பாகை வரை சுற்றிலும் பார்க்கிறது. நெற்றிக்கு நேர் முன்னும் வாலுக்கு நேர் பின்னும் மட்டும் சிறு குருட்டுப் பகுதிகள். காதுகள் தனித்தனியே திரும்பும்.

மனித உடலின் மிக நுண்ணிய அசைவையும் குதிரை கண்டுகொள்ளும் என்பதற்குப் புகழ்பெற்ற சான்று ஜெர்மனியில் ‘கெட்டிக்கார ஹான்ஸ்’ என்று அழைக்கப்பட்ட குதிரை. கணக்குக் கேட்டால் குளம்பால் தட்டி விடை சொன்னது. 1907இல் உளவியலாளர் ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் ஆராய்ந்தபோது, அதற்குக் கணக்குத் தெரியாது என்பது வெளிப்பட்டது. சரியான எண் நெருங்கும்போது கேள்வி கேட்டவர் தம்மை அறியாமல் செய்த சிறு தலையசைவைப் பார்த்தே அது தட்டுவதை நிறுத்தியது. 2016இல் பிரிட்டனின் சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 28 குதிரைகளுக்கு மனித முகப் படங்களைக் காட்டினர். கோபமான முகத்தைக் கண்டபோது அவற்றின் இதயத் துடிப்பு விரைவாக ஏறியது.

இந்தச் சிகிச்சையின் பெரும்பகுதி தரையில்தான் நடக்கிறது. குழந்தை குதிரை மேல் ஏற வேண்டிய கட்டாயம் இல்லை. தேய்த்துவிடுவது, தீனி வைப்பது, மரக்கட்டைகளையும் வாளிகளையும் கொண்டு ஒரு பாதை அமைத்து அதன் வழியே குதிரையை அழைத்துச் செல்வது போன்றவை விளையாட்டுகள். அந்தப் பாதைக்குக் குழந்தையே பெயர் வைக்கும். ஒருத்தி அதைப் ‘பள்ளிக்கூடத்துக்குப் போற வழி’ என்று சொல்லிவிட்டு, நடுவில் பெரிய வாளியைக் கவிழ்த்து வைத்தால், அந்த வாளி என்ன என்பது மெல்லக் கேட்கத் தக்க கேள்வி.

400, 500 கிலோ எடையுள்ள ஓர் உயிரை இழுத்துக்கொண்டு போக முடியாது. கயிற்றைப் பிடித்து இழுத்தால் குதிரை ஊன்றி நிற்கும். மூச்சைத் தளர்த்தி, போகும் திசையைப் பார்த்து நடந்தால் கூட வரும். வகுப்பில் எழுந்து பதில் சொல்லவும் நடுங்கும் ஒரு குழந்தை, தன்னைவிடப் பன்மடங்கு பெரிய உயிரோடு பாதையைக் கடந்து முடிக்கும்போது, அதை யாரும் பாராட்டிச் சொல்ல வேண்டிய தேவையே இருப்பதில்லை.

குதிரை மனிதரின் மனத்தைக் காட்டும் கண்ணாடி என்று பலர் எழுதுகின்றனர். இதை அளவோடு ஏற்க வேண்டும். குதிரை வாலை வீசியது குழந்தையின் கோபத்தால் இருக்கலாம். ஈ கடித்ததாலும் இருக்கலாம். எல்லா அசைவுக்கும் உளவியல் பொருள் சொல்லும் சிகிச்சையாளர் குதிரையையும் கவனிப்பதில்லை, குழந்தையையும் கவனிப்பதில்லை. குதிரையை அறிந்தவர் ஒருவர் எப்போதும் உடனிருக்க வேண்டும் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆய்வுகள் சொல்வது

2012இல் ஆண்ட்ரியா பீட்ஸ் குழுவினர் வெளியிட்ட ஆய்வு அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகிறது. பெற்றோரோடு பாதுகாப்பான பிணைப்பு அமையாத சிறுவர்களுக்கு, பிறர் முன் கதை சொல்வது, கணக்குப் போடுவது போன்ற பதற்றம் தரும் பணிகள் கொடுக்கப்பட்டன. சிலருக்கு உண்மையான நாய் துணை. சிலருக்கு நட்பான ஒரு பெரியவர். சிலருக்குப் பொம்மை நாய். உமிழ்நீரில் கார்டிசால் என்ற அழுத்த இயக்குநீரை அளந்தபோது, உண்மையான நாய் துணையிருந்தவர்களிடம் அது குறைவாக இருந்தது. நாயை அதிக நேரம் தடவிக்கொடுத்தவர்களிடம் இன்னும் குறைவு. மனிதரால் காயப்பட்ட குழந்தைக்கு நட்பான மனிதர்கூட உடனே ஆறுதல் ஆவதில்லை என்பதையும் இது காட்டுகிறது.

ஆட்டிசம் உள்ளவர்களிடம் அமெரிக்காவில் ராபின் கேப்ரியல்ஸ் குழுவினர் நடத்தி 2015இல் வெளியிட்ட ஆய்வில் 6 முதல் 16 வயதுக்குட்பட்ட 127 பேர் சேர்க்கப்பட்டனர். ஒரு பிரிவுக்கு 10 வாரம் குதிரையேற்றம். மற்றப் பிரிவுக்கு அதே லாயச் சூழலில், அதே முறையில், குதிரை இல்லாமல் பயிற்சி. குதிரையோடு இருந்தவர்களிடம் எரிச்சலும் மிகைத் துடிப்பும் கூடுதலாகக் குறைந்தன. பேச்சும் பழகும் திறனும் மேம்பட்டன. வெளிக்காற்றும் புதிய இடமும் தந்த பலனைக் குதிரை தந்த பலனிலிருந்து பிரித்துக் காட்ட முயன்றதே இந்த ஆய்வின் சிறப்பு.

இத்தகைய கவனமான ஆய்வுகள் குறைவு. 2014இல் மைக்கேல் அனெஸ்டிஸ், ஸ்காட் லிலியன்ஃபெல்டு உள்ளிட்டோர் குதிரை சார்ந்த உளச் சிகிச்சை ஆய்வுகளை அலசி, அவற்றில் பெரும்பாலானவை முறையான ஒப்பீடு இல்லாதவை, எனவே மனநோய்களுக்கு இது பலனளிக்கிறது என்று முடிவு கட்ட முடியாது என்று எழுதினர். இந்தக் கண்டனம் நியாயமானதே. குதிரையோ நாயோ ஆட்டிசத்தைக் குணப்படுத்தும் என்று விளம்பரம் செய்பவரிடமிருந்து விலகி நிற்பது நல்லது. பேச்சுப் பயிற்சி, சிறப்புக் கல்வி, மருந்து ஆகியவற்றை நிறுத்திவிட்டு இதற்கு வருவதும் கூடாது. பிற வழிகளோடு சேர்ந்து நடப்பதே இதற்கு உரிய இடம்.

நம் ஊர்க் குழந்தைகளும் நாய் பயமும்

நாய் என்றால் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது தெருநாயும் வெறிநாய்க் கடியும். இந்த அச்சம் காரணமற்றது அல்ல. வெறிநோய் சந்தேகமுள்ள விலங்குகளிடம் கடிபடுவோரில் சுமார் 40 சதவீதத்தினர் 15 வயதுக்குட்பட்டவர்கள் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. அறிகுறி தொடங்கிவிட்டால் உயிர் பிழைப்பது அரிதினும் அரிது. ஆகவே சிகிச்சை நாயோடு பழகிய குழந்தைக்குத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும்: நாயின் உடலைப் படிக்கக் கற்றது எல்லா நாய்க்கும் உதவும்; நெருங்கிப் போவது மட்டும் இந்த நாய்க்கும், பெரியவர் உடனிருக்கும்போதும்தான். கடிபட்டால் மறைக்காமல் உடனே சொல்ல வேண்டும். புண்ணைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, தாமதிக்காமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

ஏற்கெனவே நாய் பயமுள்ள குழந்தையை ‘ஒன்றும் செய்யாது, தொடு’ என்று பிடித்துத் தள்ளுவது நம் வீடுகளில் வழக்கம். சிகிச்சையில் அது நடக்காது. முதல் நாள் நாய் கண்ணாடிக் கதவுக்கு அப்பால் இருக்கலாம். குழந்தை கடைசிவரை தொடாமலே போகவும் உரிமை உண்டு. ஒவ்வாமை உள்ளவர்கள், நோய் எதிர்ப்புத் திறன் குன்றியவர்கள், விலங்குகளைத் திரும்பத் திரும்பத் துன்புறுத்தியவர்கள் ஆகியோருக்கு வேறு வழியே பொருத்தம். கடைசியாகச் சொன்னவர்களைப் பற்றிக் கருத்து வேறுபாடு உண்டு. எனினும் விலங்கின் பாதுகாப்பைப் பந்தயம் வைத்து அவர்களைச் சோதிக்கக் கூடாது.

இந்தியாவில் மருத்துவ உளவியலாளர்கள் இந்திய மறுவாழ்வுக் கழகத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். பெற்றோர் அந்தப் பதிவைக் கேட்பதோடு, விலங்கின் தடுப்பூசிச் சான்றையும், ஒரு நாளில் அது எத்தனை அமர்வுகளில் இருக்கிறது என்பதையும் கேட்கலாம். நாய்க்குக் களைப்பு வந்தால் என்ன செய்வீர்கள் என்ற கேள்விக்கு, ‘எங்கள் நாய்க்குக் களைப்பே வராது’ என்று பதில் வந்தால் வேறு இடம் பார்க்கலாம். யானை, டால்பின் போன்ற காட்டு உயிர்களை இதில் ஈடுபடுத்தக் கூடாது என்பது, விலங்கு-மனித உறவு அமைப்புகளின் பன்னாட்டுச் சங்கம் 2014இல் வெளியிட்ட வழிகாட்டுதலின் நிலைப்பாடு.

பிரியும் நேரம்

நாயின் ஆயுள் பெரும்பாலும் 10 முதல் 15 ஆண்டுகள். முதுமையும் மூட்டுவலியும் வந்தால், அல்லது ஆர்வமாக வாசலுக்கு ஓடிவந்த நாய் பாயைவிட்டு எழத் தயங்கினால், அதன் பணியை நிறுத்திவிட வேண்டும். ஏற்கெனவே யாரையோ இழந்து வந்திருக்கும் குழந்தைக்கு இது கடினமான செய்தி. ‘ஊருக்குப் போயிருக்கிறது’ என்று சொல்லி மழுப்பினால், பல மாதங்களாகச் சேர்த்த நம்பிக்கை ஒரே நாளில் போய்விடும். அதனால் நல்ல சிகிச்சையாளர்கள் முன்கூட்டியே சொல்கிறார்கள்: இன்னும் நான்கு முறை, இன்னும் மூன்று முறை என்று. கடைசி அமர்வில் என்ன விளையாட்டு என்பதைக் குழந்தையே தீர்மானிக்கிறது. சிலர் படம் வரைந்து கொடுக்கிறார்கள். சிலர் தாங்கள் கற்றுக்கொடுத்த வளைய வித்தையைக் கடைசியாக ஒருமுறை செய்துகாட்டச் சொல்கிறார்கள். நாய்க்கு அன்று முடியவில்லையென்றால் வளையத்தைக் கீழே வைத்துவிட்டு அதன் பாய்க்கு அருகே, தொடாமல், உட்கார்ந்துகொள்கிறார்கள்.